வெளியே நின்ற வரி

மூக்கைப் பொத்திக்கிறீங்களா, தாராளமாப் பொத்திக்கங்க சார். நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன். நாத்தம் என் சட்டையிலதான். இறால் நாத்தம். ஒரு கோடவுன் முழுக்க அழுகின இறால். லாட்ஜுல சோப்பு கரையற வரைக்கும் தேய்ச்சுக் குளிச்சேன், போகல. சட்டையை அலசிக் காயப்போட்டேன், போகல. மாத்துச் சட்டை கொண்டு வரல. காலைல தூத்துக்குடி வந்துட்டு சாயங்காலமே திரும்பிடலாம்னு வந்தவன் நான்.

ஒண்ணு பண்ணலாம். நீங்க கொஞ்சம் எழுந்திருங்க. நான் ஜன்னலோரம் போயிடறேன். நாத்தம் அப்படியே காத்தோட வெளியே போயிரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஆங், அவ்வளவுதான். அந்தப் பையை இப்படிக் குடுங்க, காலுக்கடியில கோணலாக் கிடக்கு. நான் நேரா வெக்கறேன். இப்பப் பாருங்க. எனக்கு எதுவும் கோணலா இருந்தா வயித்தைப் பிரட்டும் சார். அது என் சுபாவம்.

நீங்க கோவில்பட்டியா? நான் எட்டயபுரத்துல இறங்கணும். அங்க செண்பகவல்லின்னு ஒரு பொண்ணைப் பாக்கணும். எங்க கம்பெனில எனக்குக் கீழ வேலை பாத்தவ. அவ ஒரே ஒரு வார்த்தை சொன்னா என் வேலை நிலைக்கும். சொல்லலைன்னா திங்கக்கிழமை ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான். எதுக்கு? ஒரு வரிக்கு. ஒரே ஒரு வரி சார். அதுவும் நான் எழுதாத வரி.

தூ. நினைச்சாலே வாயெல்லாம் கசக்குது.

என் பேரு கஜேந்திரன். சென்னைல பெருங்குடிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. குளிர்சாதனக் கிடங்கெல்லாம் இருக்கு இல்ல, மீன் வெக்கறது, பழம் வெக்கறது, அதையெல்லாம் ராத்திரி பகலா கவனிச்சுக்கற கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதறோம். நான் அதுல சீனியர். மத்தவங்க எல்லாம் மவுஸைப் பிடிச்சுக்கிட்டு, எலி வாலைப் பிடிச்ச மாதிரி, திரை பூரா இழுத்துக்கிட்டே இருப்பாங்க. நான் மவுஸைக் கழட்டி டிராயர்ல போட்டு வருஷக்கணக்காச்சு. எனக்குக் கறுப்புத் திரை, கீபோர்டு, அவ்வளவுதான். என் விரல் நகர்றதைப் பாக்கவே புதுசா சேர்ந்த பசங்க வந்து நிப்பாங்க.

ப்ரோக்ராம்ல எல்லா வரியையும் ஒரே ஓரத்துலேர்ந்து எழுத மாட்டோம் சார். ஒண்ணுக்கு அடங்கின வரியை அதுக்குக் கீழ கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதுவோம். வீட்டுல சாமான் எழுதறப்ப 'மளிகை'ன்னு போட்டுட்டு, கீழ கொஞ்சம் தள்ளிப் பருப்பு, புளி, மொளகான்னு எழுதறோம்ல, அது மாதிரி. அம்பது வரியை மொத்தமா உள்ளே தள்ளணும்னு வைங்க. மவுஸ் பிடிக்கறவன் தடவுவான், வழிப்பான், பாதி வரியை விட்டுருவான், திரும்ப வருவான். பாக்கவே அருவருப்பா இருக்கும். நான் என்ன பண்ணுவேன்? கீபோர்டுல பெரிய 'வி' ஒண்ணு தட்டுவேன். வரி முழுசாப் பிடிபடும். 'ஜே'யை அழுத்திக்கிட்டே கீழ இறங்கினா அத்தனை வரியும் பிடிபடும். அப்புறம் வலப்பக்கம் மூக்கை நீட்டிக்கிட்டு ஒரு குறி இருக்கு இல்ல, அதை ஒரு தட்டு. முடிஞ்சது. அம்பது வரியும் ஒண்ணா ஒரு படி உள்ளே போகும். இன்னொரு படி போகணுமா? ஒரு புள்ளி வெச்சாப் போதும், முன்னாடி செஞ்சதையே திரும்பச் செய்யும். சத்தம் கிடையாது, தடுமாற்றம் கிடையாது. அந்தச் சுகம் இருக்கே, சொன்னாப் புரியாது.

இந்தச் செண்பகவல்லி வந்து சேர்ந்தா. கெட்டிக்காரிதான், இல்லைன்னு சொல்லல. எங்க முக்கியமான ப்ரோக்ராமை, அந்தக் கிடங்கைக் கவனிச்சுக்கற ஃபைல் இருக்கே, அதை ஒத்தையா உக்காந்து எழுதினா. ஆனா எழுதின லட்சணம் இருக்கே! உள்ளே தள்ளி எழுதறப்ப நாலு இடம் விடணும் சார். நான் நாலு விடுவேன். உருப்படியா எழுதறவன் எல்லாரும் நாலு விடுவான். இவ ரெண்டு விடுவா. ரெண்டு! எல்லா வரியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்த மாதிரி ஒரே நெரிசல். காலைல டிபன் சாப்பிட்டு வந்து அந்த ஃபைலைத் திறந்தா எனக்குக் குமட்டும்.

சொல்லிப் பாத்தேன். "சார், நல்லா ஓடுதுல்லா?"ன்னா. ஓடுதாம். சாக்கடைகூடத்தான் ஓடுது.

சரி, சொல்லிப் பிரயோஜனம் இல்லைன்னு நானே செய்ய ஆரம்பிச்சேன். மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் அவ எழுதின ஃபைலைத் திறப்பேன். மேலேர்ந்து கீழ வரைக்கும் நேராக்குவேன். பெரிய வி, ஜே, ஜே, ஜே, ஒரு தட்டு. பெரிய வி, ஜே, ஜே, ஒரு தட்டு. ஒரு எழுத்தை மாத்தினேனா? மாத்தல. ஒரு புள்ளியைச் சேத்தேனா? சேக்கல. வெறும் இடம். அவ எழுதினதை அழகா நகர்த்தி வெச்சேன், அவ்வளவுதான். யாரும் என்னைச் செய்யச் சொல்லல. யாரும் ஒரு நன்றிகூடச் சொல்லல. அவ வந்து பாத்துட்டு ஒரு மாதிரி முழிச்சா. "சார், இனிமே நான் எதை மாத்தினேன்னு எனக்கே தெரியாதே"ன்னா. பாருங்க, வீட்டைப் பெருக்கிக் குடுத்தவன்கிட்ட என் குப்பையை எங்கன்னு கேக்கற கதை.

ஒரு இடம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வரிசையா பத்துப் பதினஞ்சு வரி, எல்லாத்தையும் நேராக்கி உள்ளே தள்ளியாச்சு. பாத்தா ஒரே ஒரு வரி மட்டும் கடைசில வெளியே நிக்குது. பந்தியில எல்லாரும் ஒழுங்கா உக்காந்திருக்க, ஒருத்தன் மட்டும் நடைபாதையில காலை நீட்டிக்கிட்டு உக்காந்தா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு. என்னால தாங்க முடியல. அதையும் பிடிச்சேன். ஒரு தட்டு. உள்ளே போயிருச்சு. அப்பதான் சார் எனக்கு மூச்சே வந்துச்சு. இப்பவும் கண்ணை மூடினா அந்தப் பக்கம் எவ்வளவு லட்சணமா இருந்துச்சுன்னு தெரியுது. இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நான் எவ்வளவு கவனமா வேலை செய்யறவன்னு உங்களுக்குத் தெரியணும்.

எங்க வேலைல ஒரு வழக்கம் உண்டு. எந்த வரியை யார் கடைசியாத் தொட்டாங்களோ அவங்க பேரு அந்த வரிக்குப் பக்கத்துல ஏறிடும். மெஷினே ஏத்திடும். எழுதினாலும் ஏறும், நகர்த்தினாலும் ஏறும். முன்னாடி யார் தொட்டாங்கன்னும் தோண்டிப் பாக்கலாம். ஆனா ஃபைலெல்லாம் இருந்த பழைய சர்வரை மூடிட்டுப் புதுசுக்கு மாறினப்ப, அந்தப் பழைய சரித்திரத்தை எல்லாம் தூக்கிட்டு வர வேணாம், கடைசிப் பேரு மட்டும் போதும்னு நான்தான் சொன்னேன். குப்பையைச் சுமந்துக்கிட்டுத் திரியறது எனக்குப் பிடிக்காது.

அந்த வருஷம் டீமுக்குத் தலைமை தாங்கற லீட் போஸ்ட் ஒண்ணு வந்துச்சு. ஒரு இடம்தான். எங்க மேனேஜர் வரதன் சார் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, பெரிய திரைல அந்த ஃபைலைத் திறந்தார். இடது ஓரத்துல பேரு வரிசையா வருது. கஜேந்திரன், கஜேந்திரன், கஜேந்திரன். கீழ இறக்கிக்கிட்டே போறார், கஜேந்திரன், கஜேந்திரன். எனக்கே கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு. "சார், இது நான் எழுதினது"ன்னு செண்பகவல்லி சொன்னா. வரதன் சார் என்னைப் பாத்தார். நான் என்ன சொல்லட்டும்? "சார், மெஷின் என்ன சொல்லுதோ அதுதான். மெஷினுக்கு என் மேல என்ன பாசம், அவ மேல என்ன பகை?"ன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? நான் எழுதினேன்னு சொன்னேனா? சொல்லல. மெஷின் சொல்லுதுன்னுதான் சொன்னேன்.

போஸ்ட் எனக்கு வந்துச்சு. வர வேண்டியதுதான். அவ ரெண்டு மாசம் பேசாம வேலை பாத்தா. அப்புறம் ஒருநாள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கடலைமிட்டாய் குடுத்துட்டு, ஊருக்குப் போறேன்னு போயிட்டா. எனக்கும் ஒண்ணு குடுத்தா. இப்ப எட்டயபுரத்துல வீட்டுலேர்ந்தே வேற யாருக்கோ வேலை பாக்கறாளாம். ரெண்டு இடம் விட்டுத்தான் எழுதிக்கிட்டிருப்பா. நமக்கென்ன.

தண்ணி இருக்கா சார்? குடுங்க. தொண்டை வரளுது. பாட்டில் மூடியை நேரா மூடணும் சார், மரை ஏறி நிக்குது பாருங்க.

தூத்துக்குடில ரொசாரியோன்னு ஒருத்தர். இறால் ஏற்றுமதி. அவர் கிடங்குல எங்க ப்ரோக்ராம்தான் ஓடுது. ரெண்டு வருஷமா ஒரு குறை கிடையாது. போன வாரம் மாதா கோயில் திருவிழா. கிடங்குல வேலை செய்யற எல்லாரும் போயிட்டாங்க. மெஷின் பாத்துக்கும்னு நம்பிப் போயிருக்காங்க. குளிர் குடுக்கற கம்ப்ரஸர் நின்னு போச்சு. உள்ளே சூடு ஏறுது. ப்ரோக்ராம் உடனே ஓனருக்கு மெசேஜ் அனுப்பணும். அனுப்பல. ஒருத்தருக்கும் அனுப்பல. திருவிழா முடிஞ்சு கதவைத் திறந்தவங்க அப்படியே வெளியே ஓடி வந்துட்டாங்களாம்.

என்னையும் வரதன் சாரையும் வரச் சொன்னாங்க. வந்தோம். அந்த ரொசாரியோ கத்துவார்னு நினைச்சேன். கத்தல. "உள்ள வாங்க"ன்னார். போனோம். "கதவைச் சாத்திட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்க"ன்னார். சாத்திட்டார் சார். அவரும் உள்ளேதான் நின்னார். அந்த மனுஷன் கண்ணுல தண்ணி. நாத்தத்துக்கா, நஷ்டத்துக்கா, யாருக்குத் தெரியும். எனக்குக் குடலைப் பிடுங்கிக்கிட்டு வந்துச்சு. வெளியே ஓடி வந்து சுவரைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தேன். அங்க இறால் உரிக்கற பொம்பளைங்க கூட்டமா உக்காந்திருக்காங்க. கிடங்கைக் கழுவி மறுபடி திறக்கற வரைக்கும் அவங்களுக்கு வேலை இல்லையாம். அதுல ஒருத்தி என்னைப் பாத்து, "ஏய்யா, இம்புட்டு நாத்தத்துக்கும் நீதானா?"ங்கறா. நீ! படிச்சவன், வயசானவன், கம்பெனில லீட். நீயாம். ஒரு மரியாதை வேணாம்?

அப்புறம் அவர் ஆபீஸ்ல உக்காந்து எல்லாத்தையும் திறந்து பாத்தாங்க. தப்பு எங்கன்னு வரதன் சாரே கண்டுபிடிச்சார். சூட்டைப் பாத்துச் சொல்ற வரி இருக்கு இல்ல, அது 'கரண்ட் போச்சுன்னா'ங்கறதுக்குக் கீழ, உள்ளே நிக்குது. ஜெனரேட்டரைப் போடு, வாட்ச்மேனுக்குச் சொல்லு, அந்த வரிசையோட வரிசையா. அதாவது கரண்ட் போனா மட்டும்தான் அது சூட்டையே பாக்கும். அந்தப் பக்கம் தினம் ஒரு தடவையாவது கரண்ட் போகுமாம். அதனால ரெண்டு வருஷமா யாருக்கும் தெரியல. இந்தத் தடவை திருவிழான்னு கரண்ட்டே போகல. கரண்ட் போகாததால இறால் அழுகிப்போச்சு. இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வரதன் சார் சிரிக்கல.

எனக்கு அவர் பாடம் எடுக்கறார் சார். அதுவும் அந்த ரொசாரியோ முன்னாடி. "'மழை பெஞ்சா'ன்னு ஒரு வரி. அதுக்குக் கீழ உள்ளே தள்ளி, 'குடை எடு', 'செருப்பை மாத்து'. அப்புறம் வெளியே, 'வீட்டைப் பூட்டு'. இந்தக் கடைசி வரியையும் உள்ளே தள்ளினா என்ன ஆகும் கஜேந்திரன்? மழை பெஞ்சாத்தான் வீட்டைப் பூட்டுவான்." நான் விடல. "சார், புத்தி உள்ளவன் மழை இல்லைன்னாலும் வீட்டைப் பூட்ட மாட்டானா?"ன்னேன். தலைல கையை வெச்சுக்கிட்டார்.

நீங்களே சொல்லுங்க. நான் படிச்ச காலத்து ப்ரோக்ராம் மொழில எல்லாம் அடைப்புக்குறி இருக்கும். எது எதுக்குள்ள அடக்கம்னு அதுவே சொல்லிரும். வரியை எங்க தள்ளினாலும் ஒண்ணும் மாறாது. இந்தப் புது மொழில காலியிடம்தான் எல்லாமாம். காலியிடம் சார்! ஒண்ணுமே எழுதாத இடம்! அதை நகர்த்தினா கம்ப்ரஸர் நிக்கறது தெரியாதாம். நல்லா எழுதின வரின்னா எங்க வெச்சாலும் நிக்கணும். அவ எழுதின வரிக்கு அந்தத் தெம்பு இல்லை. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

"இந்த வரி நான் எழுதினது இல்ல சார், செண்பகவல்லி எழுதினது"ன்னேன். வரதன் சார் திரையைத் திருப்பிக் காட்டினார். வரிக்குப் பக்கத்துல கஜேந்திரன். "மெஷின் என்ன சொல்லுதோ அதுதான்னு நீங்கதானே சொன்னீங்க"ங்கறார்.

பேரை வெச்சு ஒரு மனுஷனை முடிவு பண்றதா? யார் எழுதினாங்க, யார் ராத்திரி பகலா உக்காந்து யோசிச்சாங்க, அதெல்லாம் பாக்க வேணாமா? ஓரத்துல ஒரு பேரு நிக்குதுன்னா அவன் தலைல கட்டிடறதா? இவ்வளவு அநியாயத்தை நான் பாத்ததே இல்ல சார். நினைக்க நினைக்க அருவருப்பா இருக்கு. இறால் நாத்தம்கூடத் தேவலை.

"திங்கக்கிழமைக்குள்ள அந்த வரி தன்னோடதுன்னு அவ என்கிட்ட ஃபோன்ல சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்"னு சொல்லிட்டு அவர் சென்னைக்குக் கிளம்பிட்டார். அதான் நான் எட்டயபுரம் போறேன். காலைல ஃபோன் போட்டு, வரேன்னு சொன்னேன். எதுக்குன்னும் சொன்னேன். "வாங்க சார், யோசிச்சுச் சொல்லுதேன்"ன்னா. யோசிக்க என்ன இருக்கு? இப்ப எங்க கம்பெனில வேலை பாக்கல, இவளுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. ஒரு வார்த்தை. ஒரு குடும்பத்தை வாழ வெக்கற வார்த்தை.

குடும்பம்னதும் ஞாபகம் வருது. எனக்கு ஒரே பொண்ணு, நாலாவது படிக்கறா. படம் நல்லா வரைவா. ஆனா கோடெல்லாம் ஒரு பக்கமா சாயும். வீடு வரைஞ்சா வீடு சாயும், மரம் வரைஞ்சா மரம் சாயும். அவ தூங்கினதும் நான் ஸ்கேல் வெச்சு நேராக்கி வெப்பேன். ஸ்கூல்ல ஒரு பரிசுகூட வந்துச்சு. இப்ப வரையறதே இல்ல. கேட்டா "பிடிக்கல"ங்கறா. சோம்பேறித்தனம், வேற என்ன.

ஒரு நிமிஷம் சார், ஃபோன். அவதான்.

சொல்லும்மா செண்பகம். பஸ்லதான் இருக்கேன்மா. எப்போதும்வென்றான் தாண்டியாச்சு. … சாப்பாடெல்லாம் எதுக்கும்மா, சிரமம். … இல்லம்மா, எனக்கு ஒரு வார்த்தை போதும். வரதன் சாருக்கு ஃபோன் போட்டு, அந்த வரி என்னோடதுதான்னு சொல்லிரு. … ஆமா. ஆமாம்மா, அந்த ஒரு வரி. … ரொம்ப சந்தோஷம்மா. … என்னது? … எல்லாத்தையுமா? … அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? … இல்ல, நான் கேட்டது என்ன, நீ பேசறது என்ன. … ம். … ம். … சரி. வந்து பேசறேன். வை.

கேட்டீங்களா சார்? நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க. என்ன கொழுப்புங்கறீங்க?

சொல்றாளாம். தாராளமாச் சொல்றாளாம். "அந்த வரி என்னோடதுதான் சார். அதுக்கு மேல இருக்கிறதும் என்னோடது, கீழ இருக்கிறதும் என்னோடது. முத வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் என்னோடதுன்னு சேத்துச் சொல்லுதேன். ஒரு வரிய மட்டும் பிச்சு எடுத்துச் சொல்ல முடியாதுல்லா?" அப்படிங்கறா. பேராசை சார். நான் கேட்டது ஒண்ணு, அவ கேக்கறது அத்தனையும். அந்த ஒரு வரி அவளோடது. மிச்சமெல்லாம் என்னோடது. இதுல என்ன குழப்பம் இருக்கு?

அதோட விட்டாளா? "நான் அதை வெளியதான சார் வச்சிருந்தேன்?"ங்கறா. அமைதியாக் கேக்கறா. கோபமா கேட்டாக்கூடப் பரவால்ல. "வரி என்னோடதுதான் சார். அது இப்ப நிக்கிற இடம்தான் உங்களோடது. ரெண்டையும் சொல்லிருதேன்"ங்கறா.

இடமாம். என்னோட இடமாம்.

வரதன் சார்கிட்ட இதைச் சொன்னா அவர் என்ன பண்ணுவார்? இறால் விஷயத்தை விட்டுட்டு லீட் போஸ்ட்டைத் தோண்டுவார். அந்த மீட்டிங்கைத் தோண்டுவார். கம்பெனி பூரா பேசும். அத்தனை வரியும் அவளோடதுன்னா, இத்தனை வருஷமா அந்தக் கறுப்புத் திரை முன்னாடி உக்காந்து நான் என்னதான் சார் பண்ணிக்கிட்டிருந்தேன்?

...

இல்ல, ஒண்ணும் இல்ல. தூசி. ஜன்னலோரம் உக்காந்தா இப்படித்தான், கண்ணுல தூசி விழும். நீங்க தப்பிச்சீங்க.

இது எட்டயபுரமா? இவ்வளவு சீக்கிரமாவா? இருங்க, இருங்க. அதோ பாருங்க, ஸ்டாண்டுல, டீக்கடை ஓரமா, ஸ்கூட்டி பக்கத்துல. அவதான். பச்சைச் சுடிதார். நான் வரச் சொல்லல சார், சத்தியமா வரச் சொல்லல. கையில ரெண்டு ஹெல்மெட். ஒண்ணு எனக்காம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சோறு போட்டு அனுப்புவா போல இருக்கு. முகத்துல பாருங்க, ஒரு கோபம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துக்கிட்டு வரா. அந்த முகத்தைப் பாத்தாலே எனக்கு என்னமோ பண்ணுது.

அந்த ஷட்டரை இறக்கணுமே. இறங்க மாட்டேங்குது. சார், கொஞ்சம் ஒரு கை குடுங்க. ஆங். நீங்க கொஞ்சம் முன்னாடி சாஞ்சு உக்காருங்க, என்னை மறைச்ச மாதிரி. அப்படியே இருங்க.

என்ன கண்டக்டர், எட்டயபுரம் ஆளெல்லாம் இறங்கியாச்சான்னா கேக்கறீங்க? நான் இறங்கல. கோவில்பட்டிக்கு ஒண்ணு குடுங்க. ஆமா, கோவில்பட்டிதான். கேட்டது எட்டயபுரம்தான், இப்ப கோவில்பட்டி. அதுக்கென்ன இப்போ?

ஃபோன் அடிக்குது. அடிக்கட்டும். தானா நின்னுரும்.

போயாச்சா? ஸ்டாண்டு தாண்டிருச்சா? அப்பாடா. ஷட்டரை ஏத்திக்கலாம். பாத்தீங்களா சார், இந்த ஷட்டர்கூட ஒரு பக்கம் கோணலா நிக்குது. திங்கக்கிழமை வரதன் சார்கிட்ட நானே பேசிக்கறேன். ராஜினாமாதானே, எழுதிக் குடுத்தாப் போச்சு. போறப்பவும் அந்த ஃபைல்ல என் பேருதான் நிக்கும். மேலேர்ந்து கீழ வரைக்கும். அதை எவளாலயும் எடுக்க முடியாது.

என்ன சார்? எதுக்கு எழுந்து நிக்கறீங்க? ஜன்னலோரமா? உங்க சீட்டா? என்ன சார் பேசறீங்க. தூத்துக்குடிலேர்ந்து நான்தானே இங்க உக்காந்து வரேன். கண்டக்டரைக் கேளுங்க. அவர் டிக்கெட் குடுக்க வந்தப்ப ஜன்னலோரம் யார் இருந்தா, நீங்களா, நானா? கேளுங்க, அவரே சொல்லட்டும். எனக்காகவா நான் ஜன்னலோரம் வந்தேன்? என் நாத்தம் உங்களுக்கு வேணாம்னுதானே இங்க உக்காந்தேன்? நல்லதுக்கே காலம் இல்ல. அருவருப்பா இருக்கு சார், உண்மையைச் சொல்றேன்.

உக்காருங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க. அந்தப் பையைத் தொடாதீங்க, நேரா வெச்சிருக்கேன்.